பத்து ஆண்டு உடுத்திய பச்சை ஜெர்சி: ஒரு மதிப்புரை

2015 பிப்ரவரியில் வாங்கிய தென்னாப்பிரிக்க ஒருநாள் அணியின் ரசிகர் ஜெர்சியைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம், அதன் முதுகில் இருந்த 17 என்ற எண்ணில் ஏழு மட்டும் 2025 ஜூனில் முழுவதுமாக உரிந்து என் கையோடு வந்துவிட்டதுதான். ஒரு சட்டையை வாங்கிய ஒரு வாரத்தில் துணி மென்மையாக இருக்கிறது, நிறம் பளிச்சென்று இருக்கிறது என்று எழுதிவிடலாம். ஆனால் ஓர் அணியின் ஜெர்சியைப் பொறுத்தவரை அந்த ஒரு வாரத்தில் தெரியவருவது மிகக் குறைவு. எத்தனை துவைப்புக்கு அது தாங்கும் என்பதும், அணி தோற்ற மறுநாள் அதை மாட்டிக்கொண்டு அலுவலக வாசலைக் கடக்க மனம் வருகிறதா என்பதும் தெரிய ஆண்டுகள் ஆகும். எனக்கு இரண்டும் தெரிந்துவிட்டன என்பதால் எழுதுகிறேன்.

தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு துணியை வைத்து இன்றைக்கு அவர்கள் செய்யும் வேலையை எடைபோடுவது நியாயமாகாது. இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த வகை ஜெர்சிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியவை.

வாங்கத் தூண்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2015 ஜனவரி 18 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஏபி டி வில்லியர்ஸ் 31 பந்துகளில் சதம் அடித்தார். மொத்தம் 44 பந்துகளில் 149 ஓட்டங்கள். அந்தப் போட்டியில் அவர்கள் இளஞ்சிவப்பு உடையில் ஆடினார்கள். நான் தேடியது அதையல்ல, வழக்கமான பச்சையைத்தான். உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில், டி வில்லியர்ஸின் 17ஆம் எண்ணோடு கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இந்த அணியோடு என் பிணைப்பு அவரால் வந்ததல்ல. 1999 ஜூன் 17இல் வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான எட்ஜ்பாஸ்டன் உலகக் கோப்பை அரையிறுதியில் கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டங்கள் தேவை, கையில் ஒரே விக்கெட். லான்ஸ் க்ளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் எல்லைக்கு விரட்டினார். நான்காவது பந்தில் ஆலன் டொனால்ட் மட்டையைத் தவறவிட்டு, ஓடத் தாமதித்து, ரன் அவுட் ஆனார். இரு அணிகளும் 213, ஆட்டம் சமன், ஆனாலும் முந்தைய சுற்றின் நிலவரப்படி ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. அப்போது நான் பள்ளி மாணவன். வென்ற அணியின் கொண்டாட்டத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. ஆடுகளத்தின் மறுமுனையைத் தாண்டி ஓடிய க்ளூஸ்னர் அப்படியே நடந்து போனதுதான் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து வேறோர் அணியை என்னால் முழு மனதோடு பின்பற்ற முடிந்ததில்லை.

இனி துணி. முழுக்க பாலியஸ்டர். பருத்தி வியர்வையைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொண்டு கனத்துப்போகும். பாலியஸ்டர் இழை தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால், வியர்வை இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே வெளிப்பக்கத்துக்கு நகர்ந்து காற்றில் உலர்ந்துவிடுகிறது. அக்குளிலிருந்து இடுப்பு வரை இறங்கும் வலைத்துணி இதற்கு உதவுகிறது. அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வந்தால்கூடச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளாது. இரவில் துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். பத்து ஆண்டில் தையல் ஓரிடத்தில்கூட விடவில்லை. கழுத்துப்பட்டை மட்டும் சற்றே வளைந்து நிற்கிறது. மார்பில் உள்ள சின்னம் நூலால் பின்னப்பட்டது என்பதால் இன்னும் அப்படியே இருக்கிறது.

நிறத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பச்சையும் பொன்மஞ்சளும் துணியின் மேல் பூசப்பட்டவை அல்ல. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மை திரவமாகாமல் நேரடியாக ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துகொள்ளும் முறையில் அச்சிடப்பட்டவை. பதங்கமாதல் என்று பள்ளியில் கற்பூரத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களே, அதே தத்துவம்தான். கையால் தடவினால் மஞ்சள் கோடு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. அப்படி அச்சிட்ட நிறம் உரியாது, வெடிக்காது. வெயிலிலும் துவைப்பிலும் மெல்ல மெல்ல ஒரு நிழல் அளவுக்கு மங்குமே தவிர, போய்விடாது.

குறை முழுவதும் எண்ணில்தான் இருக்கிறது. எண் தனியே வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். அதன் பின்புறத்திலுள்ள பசை வெப்பத்தில் இளகித் துணியைப் பற்றிக்கொள்ளுமாறு ஹீட் பிரஸ் இயந்திரத்தில் அழுத்தி ஒட்டப்படுகிறது. வெப்பத்தால் பிடித்த பசையை வெப்பமே விடுவித்துவிடும் என்பதை வாங்கிய முதல் மாதத்தில் நான் அறிந்திருக்கவில்லை. சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை எண்ணின் மேலேயே ஓட்டினேன். ஏழின் கீழ்நுனி அன்றைக்கே லேசாகத் தூக்கிக்கொண்டது. அது என் தவறுதான். ஆனால் எண்ணின் மேல் இஸ்திரி போடக் கூடாது என்ற எச்சரிக்கை, இடுப்பின் உட்புறத்தில் இருந்த சீட்டில், பூதக்கண்ணாடி வேண்டும் என்ற அளவிலான எழுத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்கு எழுதிக் கேட்டபோது, சட்டைக்குத்தான் உத்தரவாதம், எண்ணுக்கு இல்லை என்று பதில் வந்தது. எண்ணுக்காகவே ஒருவர் வாங்கும் பொருளில், எண்ணைத் தவிர மற்றதற்கெல்லாம் உத்தரவாதம் தருவது சரியான வியாபாரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குறை வாடை. பாலியஸ்டர் தண்ணீரை ஏற்காது. ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையை விரும்பி ஏற்றுக்கொள்ளும். அந்தப் பசையை உண்டு வாழும் நுண்ணுயிரிகள்தான் வாடைக்குக் காரணம். துணி மணக்கட்டும் என்று மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினால் நிலைமை மோசமாகும். அது இழைகளின் மேல் ஒரு படலமாகப் படிந்து, வியர்வை வெளியேறும் வழியையும் அடைத்துவிடும், அழுக்கையும் உள்ளே பூட்டிவிடும். எனக்குப் பலன் தந்த வழி இது: கழற்றியவுடன் உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, சிறிதளவு வினிகர் கலந்த குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதன்பின் வழக்கமான சோப்புத்தூளில் கையால் அலசி, நிழலில் உலர்த்துவது. இயந்திர உலர்த்தியில் ஒருபோதும் போடக் கூடாது.

இவ்வளவும் துணியைப் பற்றியது. ஆனால் ஜெர்சியை யாரும் துணிக்காக வாங்குவதில்லை.

நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் விருப்பமான உடையில் வரலாம். 2015 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, ஆக்லாந்து அரையிறுதியில் இரண்டு பந்துகளில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடிய கிராண்ட் எலியட், டேல் ஸ்டெயினின் பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார். தரையில் விழுந்து கிடந்த ஸ்டெயினுக்கு எலியட்டே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து வெகு நேரம் நின்றேன். ஜெர்சிக்கு ஒன்றரை மாத வயதுகூட ஆகவில்லை. மாட்டிக்கொண்டுதான் போனேன்.

கணக்குப் பிரிவில் எல்லோரும் அண்ணன் என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர் என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, இந்தத் தடவையும் கணக்குல தப்பா?" என்று கேட்டார். அவர் சொன்னது 2003 உலகக் கோப்பையை. டர்பனில் மழை குறுக்கிட்ட ஆட்டத்தில், மழைக்கேற்ப இலக்கை மாற்றிச் சொல்லும் டக்வொர்த் லூயிஸ் பட்டியலின்படி சமன் செய்வதற்கான எண்ணிக்கையை வெல்வதற்கான எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டு, மார்க் பவுச்சர் கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது. நான் பதில் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே என் மேசைக்கு வந்து, "தப்பா எடுத்துக்காத தம்பி. தோத்த அன்னிக்கும் போட்டுக்கிட்டு வந்தியே, அது எனக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

அந்தச் சொல் என்னை யோசிக்க வைத்தது. அதே அலுவலகத்தில் மற்ற அணிகளின் ஜெர்சிகள் வென்ற வாரங்களில் வரிசையாக வரும். தோற்ற வாரங்களில் ஒன்றுகூடத் தென்படாது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் பதிவு செய்கிறது. அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில், திங்கட்கிழமைகளில் மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற வார இறுதிக்குப் பின்னர், பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த உடைகள் அதிகமாகத் தென்பட்டன. பேச்சிலும் வேறுபாடு இருந்தது: வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்ற சொல் கூடுதலாக வந்தது, தோல்வியைச் சொல்லும்போது அது குறைந்தது. நம் வழக்கில் சொன்னால், "நாம ஜெயிச்சிட்டோம்", "அவனுங்க தோத்துட்டானுங்க."

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேலை உரிய நாளில் முடிந்தால், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களின் மின்னஞ்சலிலும் 'நாம்' என்று இருக்கும். தணிக்கையில் ஒரு பிழை அகப்பட்டால், அதே மேசையில் உட்கார்ந்து செய்தவரின் வாயிலிருந்து 'அவங்க டீம்' என்று வரும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். 2015க்குப் பின்னர் வேலைப் பிழைகளைப் பற்றி எழுதும்போது 'நாங்கள்' என்ற சொல்லை விடாமல் பயன்படுத்தத் தொடங்கினேன். அது ஜெர்சியால் வந்த பழக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தோற்ற வெள்ளிக்கிழமைகளில் முதுகில் எண்ணோடு மேசைகளுக்கு நடுவே நடந்து பழகியவனுக்கு அந்தச் சொல்லை எழுதுவது கடினமாக இருக்கவில்லை.

2018 மே மாதத்தில் டி வில்லியர்ஸ் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விலகினார். ஓய்வு பெற்ற ஆட்டக்காரரின் எண்ணைப் போட்டுக்கொண்டு திரிவது சிலருக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. புதிதாக ஒன்று வாங்கலாமா என்று நானும் எண்ணிப் பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அணி மாறவில்லை, துணியும் நன்றாகவே இருந்தது.

இந்தச் சட்டையின் உண்மையான சோதனை 2023 நவம்பர் 17 அன்று நடந்தது. முந்தைய நாள், கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி. 24 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள் போன பிறகு டேவிட் மில்லர் களத்தில் நின்று 101 ஓட்டங்கள் எடுத்தார், மொத்தம் 212. ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டுகளை இழந்து, 16 பந்துகள் மீதமிருக்கும்போது வென்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் பச்சையை மாட்டிக்கொண்டு போனேன். பிற்பகல் மூன்று மணிக்கு மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பிரிவையே மூடுகிறார்கள், பதினொரு பேருக்கும் அன்றுதான் கடைசி நாள் என்று, என்னைவிட வயதில் மிகவும் இளையவரான ஒரு பெண் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தார். அவருடைய குரல் நடுங்கியது. அந்த வேலை அவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது, ஏழின் தூக்கியிருந்த நுனி நாற்காலியின் வலை முதுகில் சிக்கிக்கொண்டு சரக்கென்று ஒரு சத்தம் வந்தது. "சார், பார்த்து" என்று சொல்லிக்கொண்டே அவர் மேசையைச் சுற்றி வந்து, இரண்டு விரலால் அந்த நுனியை வலையிலிருந்து மெதுவாக விடுவித்தார். "கிழியல சார், நல்லாத்தான் இருக்கு" என்றார். எட்டு ஆண்டு வேலை முடிந்த அறையில் எனக்கு நினைவிருக்கும் சொற்கள் இவை மட்டுமே. என்ன தொகை சொன்னார்கள், எத்தனை தாள்களில் கையெழுத்திட்டேன் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகான ஐந்து மாதங்களில் அதை உடுத்தியதுபோல் எப்போதும் உடுத்தியதில்லை. காலை ஆறு மணிக்கு அதை மாட்டிக்கொண்டு நடப்பேன். திரும்பியதும் துவைத்துப் போட்டுவிட்டு, குளித்து, வேறு சட்டை அணிந்து மேசையில் உட்கார்வேன். அனுப்பிய விண்ணப்பங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: மொத்தம் நாற்பத்தாறு. பதில் வந்தவை பன்னிரண்டு, நேர்காணல் ஆறு. காலையில் எழுந்து போட்டுக்கொள்ள ஒரு உடை இருப்பது வேலையில்லாத நாட்களில் எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பகல் பன்னிரண்டு மணி வரை இரவு உடையிலேயே கிடந்த நாட்கள் முதல் இரண்டு வாரத்தில் இருந்தன. நடை தொடங்கிய பிறகு இல்லை. நடக்கும்போது அடிக்கடி நினைவுக்கு வந்தது மில்லரின் சதம்தான். அந்த ஆடுகளத்தில்கூட 212 போதாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் அன்று எடுக்க முடிந்த ஓட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நானும் அன்றைக்கு அனுப்ப முடிந்த விண்ணப்பத்தை அன்றைக்கு அனுப்பினேன்.

இந்த ஐந்து மாதத்தில் மட்டும் நூறு முறைக்கு மேல் அது துவைக்கப்பட்டிருக்கும். துணி அசையவில்லை என்பதை மதிப்புரையாளனாக இங்கே பதிவு செய்கிறேன். ஒன்று என்ற இலக்கம்கூட ஓரம் தூக்கவில்லை. இஸ்திரி பட்ட ஏழு மட்டும் பாதிக்கு மேல் விட்டுப்போனது.

2024 ஏப்ரலில் வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முன்பிருந்ததைவிட ஒரு படி கீழான பதவி. என்னைவிட அனுபவம் குறைந்தவரிடம் வேலையைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். முதல் சில வாரங்கள் அது நெஞ்சில் உறுத்தியது என்பதை மறைக்கப் போவதில்லை. அங்கே விருப்ப உடை என்ற வழக்கம் கிடையாது. எல்லா நாளும் முழுக்கைச் சட்டைதான்.

ஜூன் 29, சனிக்கிழமை, பிரிட்ஜ்டவுனில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. ஆண்கள் உலகக் கோப்பை ஒன்றின் இறுதிக்கு அவர்கள் வந்தது அதுவே முதன்முறை. 30 பந்துகளில் 30 ஓட்டங்கள், கையில் ஆறு விக்கெட்டுகள் என்ற நிலையிலிருந்து ஏழு ஓட்டங்களில் தோற்றார்கள். ஹென்ரிக் கிளாசென் 27 பந்துகளில் 52 அடித்தும், கடைசி ஓவரின் முதல் பந்தில் மில்லர் தூக்கியடித்ததை எல்லைக் கோட்டருகே பிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டைக்கு உள்ளே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போனேன். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாலியஸ்டரின் மேல் இன்னொரு துணி வந்துவிட்டால் வியர்வை ஆவியாக வழியில்லாமல் போய்விடும். பத்து மணிக்குள் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. நனைந்த வெள்ளைத் துணி வழியாக எண் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

அடுத்த இருக்கையில் இருந்தவர் ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும் மனிதர். அதுவரை என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. என் பின்னால் வந்து நின்று, "உள்ள பதினேழா? டி வில்லியர்ஸ்தானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். "தொண்ணூத்திரண்டுல சிட்னி ஆட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? பதிமூணு பந்துல இருபத்திரண்டு வேணும், மழை வந்துச்சு, திரும்பி வந்து பார்த்தா ஒரு பந்துல இருபத்திரண்டுன்னு போர்டுல போட்டான். அன்னிக்கு ஆரம்பிச்சது எனக்கு" என்றார். உண்மையில் தேவைப்பட்டது 21தான், பலகைதான் தவறாகக் காட்டியது என்று நான் சொல்ல, அவர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாகச் சிரித்தார். அன்று மாலை அவர்தான் அந்த நிறுவனத்தின் மென்பொருளில் எனக்குப் பிடிபடாமலே இருந்த ஒரு பகுதியை அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு படி கீழே வந்துவிட்டோம் என்ற உறுத்தல் அன்றோடு போய்விடவில்லை. ஆனால் அந்த இடத்தில் பேசுவதற்கு ஒருவர் கிடைத்துவிட்டார்.

2025 ஜூன் 14 அன்று லார்ட்ஸில் நடந்ததை இந்த அணியின் ரசிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் முதல் இன்னிங்ஸில் 138க்குச் சுருண்ட அணிக்கு, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 282 என்ற இலக்கு. மூன்றாம் நாள் ஆட்டத்தில், தன் இன்னிங்ஸின் தொடக்கத்திலேயே கேப்டன் டெம்பா பவுமாவுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அவர் வெளியேறவில்லை. ஒவ்வொரு ஓட்டத்தையும் நொண்டிக்கொண்டே எடுத்தார். மறுமுனையில் ஏடன் மார்க்ரம் அவருடைய காலுக்கு ஏற்பத் தன் ஓட்டத்தை நிதானித்துக்கொண்டார். இருவரும் சேர்த்தது 147. பவுமா 66, மார்க்ரம் 136. ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. 1998க்குப் பிறகு, 27 ஆண்டுகள் கழித்து, ஐசிசி கோப்பை ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. மார்க்ரமின் சதத்தைவிட, இரண்டாவது ஓட்டத்துக்கு வேண்டாம் என்று அவர் கைகாட்டி பவுமாவை நிறுத்திய தருணங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வெள்ளை உடை ஆட்டத்துக்குப் பச்சை ஜெர்சி பொருத்தமில்லை என்று தெரிந்தும் நான்கு நாளும் அதையே உடுத்தியிருந்தேன். திங்கட்கிழமை மேலாளரிடம் அனுமதி கேட்டு வெளிப்படையாகவே போட்டுக்கொண்டு போனேன். பலர் கைகொடுத்தார்கள். இதுவரை அந்த அணியைப் பற்றி ஒரு சொல்லும் பேசியிராதவர்கள் 'நம்ம பசங்க' என்றார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் ஜெர்சியின் தரத்தைப் பற்றி அன்று புதிதாக எதுவும் தெரியவில்லை. வென்ற அன்று எந்தச் சட்டையும் நன்றாகத்தான் இருக்கும். இரவு கழற்றி உட்புறம் புரட்டும்போது ஏழு மொத்தமாக உரிந்து உள்ளங்கையில் விழுந்தது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஆட்டக்காரர்களுக்கான பதிப்பு, ரசிகர்களுக்கான பதிப்பு என்று இரண்டு விற்பனைக்கு வரும்போது, முன்னது உடம்பைப் பிடிக்கும். துணி இன்னும் மெல்லியது. சின்னம் பெரும்பாலும் ஒட்டப்பட்டதாக இருக்கும். நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்றால் சின்னம் பின்னப்பட்ட ரசிகர் பதிப்பே மேல். எண்ணையும் துணியின் நிறத்தோடு சேர்த்து ஒரே அச்சில் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒட்டிய எண்தான் கிடைக்கிறது என்றால், வாங்கும்போதே நான்கு மூலைகளையும் நகத்தால் நெருடிப் பாருங்கள். நுனி அசைந்தால் வேறொன்று கேளுங்கள். அளவில் ஒன்று பெரிதாக எடுப்பது நல்லது. உடம்பு மாறும், ஜெர்சி மாறாது; என்னுடையது இப்போது தோளில் சற்றே இறுக்கம்.

எண்ணை மறுபடி ஒட்டித்தர முடியுமா என்று அச்சிடும் கடை ஒன்றில் விசாரித்தேன். முடியும் என்றார் கடைக்காரர். சட்டையை விளக்கின் அடியில் விரித்துப் பார்த்தவர், "ஆனா அவசியமா சார்? இங்க பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். பத்து ஆண்டு வெயிலும் துவைப்பும் படாமல் பிளாஸ்டிக் மூடியிருந்த இடத்தில், 2015இல் வாங்கியபோது இருந்த அதே அடர்ந்த பச்சை, ஏழு வடிவத்தில் அப்படியே இருந்தது. ஒட்ட வேண்டாம் என்று சொல்லி மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.